ஆண்கள் வெளியே கேட்காத கேள்விகள்: ஆசை, கல்யாணத்துக்கு வெளியே உறவு, அதற்குப் பிறகு வரும் பயம்

தமிழ்நாட்டு ஆண்கள் மருத்துவர்களிடமும் ஆலோசகர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல் அப்படியே தந்திருக்கிறோம். நம் ஊரில் ஆண் எங்கே போய் வந்தாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் போவதற்கு முன்போ வந்த பிறகோ அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால், அதைக் கேட்க வீட்டிலும் ஆளில்லை, வெளியிலும் ஆளில்லை. அந்த இடத்தை லாட்ஜ் வைத்தியர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அது மாற வேண்டும் என்பதற்காகவே இந்தத் தொகுப்பு. 18 வயது நிறைந்தவர்களுக்கானது.

1. “ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்னு பெரியவங்களே சொல்றாங்க. அது இயற்கைதானே?”

ஆசை இயற்கை. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆணின் ஆசையை மட்டும் அடக்கவே முடியாது என்பது ஊர்ப்பேச்சு. அப்படி உடம்பில் எதுவும் இல்லை. “ஆம்பள சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான்” என்று ஒரு பழமொழி இன்னும் பேச்சில் இருக்கிறது. அது பெண்ணைச் சேறு என்கிறது. கழுவினால் எல்லாம் போய்விடும் என்று ஆணிடமும் பொய் சொல்கிறது. கழுவுவது பற்றி 9-ஆம் கேள்வியில் பாருங்கள்.

எல்லா ஆண்களும் அப்படி இருக்கிறார்கள் என்பதும் சரியல்ல. 2019–21-இல் நாடு முழுவதும் நடந்த 5-ஆவது தேசியக் குடும்பநல ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் மனைவியோ சேர்ந்து வாழும் துணையோ அல்லாத ஒருவருடன் உறவு கொண்டதாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. சிலர் மறைத்திருக்கலாம். அதைக் கணக்கில் சேர்த்தாலும் “எல்லாரும் போறாங்கடா” என்று கூட்டாளிகள் சொல்வதற்கும் உண்மைக்கும் வெகுதூரம்.

2. “27 வயசாச்சு. இன்னும் எந்தப் பொண்ணையும் தொட்டதில்ல. என்கிட்ட ஏதாவது குறையா?”

குறை எதுவும் இல்லை. கல்யாணம் வரை உறவு இல்லாமல் இருக்கும் ஆண்கள் ஏராளம். அவர்கள் அதைப் பேசுவதில்லை, அனுபவம் உள்ளவர்களும் அனுபவம் இருப்பதாகக் கதை விடுபவர்களும் மட்டுமே பேசுகிறார்கள். உறவு இல்லாததால் விந்து தேங்கிக் கெட்டுப்போவதோ விதைப்பைக்கு ஆபத்து வருவதோ கிடையாது. வெளியேறாத விந்தணுக்களை உடலே கரைத்துக்கொள்ளும்.

3. “கைப்பழக்கம் இருக்கு. நரம்புத் தளர்ச்சி வந்துருமா? கல்யாணத்துக்கு அப்புறம் முடியாமப் போயிடுமா?”

வராது. முடியாமலும் போகாது. ஒரு துளி விந்து பல பத்துத் துளி ரத்தத்துக்குச் சமம் என்பதுதான் இந்தப் பயத்தின் வேர். ஒருமுறை வெளியேறும் விந்தின் அளவு பொதுவாக 1.5 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். ரத்தம் குறைவதில்லை, எலும்பு உருகுவதில்லை, முகம் ஒட்டிப்போவதில்லை. விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனாலும் உற்பத்தி நாள்தோறும் ஓயாமல் நடக்கிறது. தூக்கத்தில் வெளியாவதும் இப்படித்தான், அதற்கு மருந்தே தேவையில்லை. மலம் கழிக்கும்போது முக்கினால் வழவழப்பாக ஒரு துளி வருவதும் நோயல்ல.

சோர்வு, படபடப்பு, உடல் மெலிவு எல்லாம் “விந்து போனதால்” வந்தவை என்று நம்பி வாடுவதை மனநல மருத்துவத்தில் தாத் நோய்க்குறி என்கிறார்கள். டாக்டர் என். என். விக் 1960-இல் வைத்த பெயர் அது. இந்தியத் துணைக்கண்டத்தில் இது அதிகம். பயமும் குற்ற உணர்வும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. தூக்கம் கெட்டதால் வரும் சோர்வை அந்தப் பையன் நரம்புத் தளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறான். பழக்கத்தால் வேலை, படிப்பு, தூக்கம் கெடுகிறது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். படம் பார்க்காமல் விறைப்பே வருவதில்லை என்ற நிலையும் அங்கே சொல்ல வேண்டியதுதான்.

“இளமையில் செய்த தவறுகள்” என்று விளம்பரம் செய்துவிட்டு மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காருபவர்களிடம் போகாதீர்கள். பயத்தை வளர்த்து, பெயரில்லாத பொடியையும் லேகியத்தையும் பல ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறார்கள். அந்தப் பொடிகளில் சிலவற்றில் ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் சொல்லாமல் கலக்கப்பட்டிருக்கும், ஸ்டீராய்டும் இருக்கலாம். பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் சட்டப்படி குற்றம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பதிவுபெற்ற மருத்துவர் இருக்கிறார்.

4. “சின்னதா இருக்கு. சீக்கிரமும் வந்துடுது. படத்துல அரை மணி நேரம் காட்டுறாங்களே?”

படத்தில் காட்டுவது வெட்டி ஒட்டியது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 5 நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 ஜோடிகள் கடிகாரம் வைத்து அளந்தார்கள். உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும் வரையான நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம். தொடக்கம் முதலே ஏறக்குறைய எப்போதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தாலோ, முன்பு சரியாக இருந்து பிறகு சுமார் 3 நிமிடத்துக்கோ அதற்கும் கீழோ குறைந்தாலோ, அது மனவேதனையாகவும் இருந்தால்தான் மருத்துவத்தில் விந்து முந்துதல். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. உச்சத்துக்குப் போகும் முன் நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கும் பயிற்சியை முதலில் சொல்லித் தருவார்கள். தேவைப்பட்டால் மாத்திரை.

நீளத்தைப் பொறுத்தவரை, 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களை மருத்துவப் பணியாளர்கள் அளந்த ஆய்வுகளின் தொகுப்பில் விறைத்த நிலையின் சராசரி 13 சென்டிமீட்டர் சொச்சம். குனிந்து பார்க்கும்போது உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். தொப்பை இருந்தால் இன்னும் குறைவாகத் தெரியும். நீளம் கூட்டும் எண்ணெயோ மாத்திரையோ எதுவும் இல்லை.

5. “கல்யாணத்துக்கு முன்னாடி ஒருதடவை ‘போயிட்டு வந்தா’ முதலிரவுல பயம் இருக்காதுன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. மாத்திரையும் வாங்கித் தர்றாங்க.”

இந்த யோசனையைக் கேட்டுப் போனவர்கள் பலர் பயத்தைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். காசு கொடுத்து, குடித்துவிட்டு, அவசர அவசரமாக, யாரோ கதவைத் தட்டுவார்களோ என்று நடுங்கும்போது விறைப்பு வராமல் போவது சகஜம். “எனக்கு முடியாது” என்ற முடிவுடன் அங்கிருந்து திரும்பி, அதே முடிவைக் கல்யாண மண்டபம் வரை சுமக்கிறார்கள். மனைவியின் உடல், விருப்பம், கூச்சம் எதையும் வேறொருவரிடம் போய்க் கற்றுவர முடியாது. முதலிரவன்றே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு பேரும் களைத்திருப்பார்கள். சில நாள், சில வாரம் ஆகட்டும்.

மாத்திரை விஷயத்தில் கவனம். சில்டெனாஃபில் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. இதயத்துக்காக நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிர் போகலாம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதென்றால் உடல் சரியாக இருக்கிறது, தடங்கல் மனதில் என்று பொதுவாகச் சொல்லலாம். 40-ஐ ஒட்டிய வயதில் அது மெல்ல மெல்லக் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே அடைப்பின் அறிகுறி இங்கே தெரியலாம்.

6. “ஒருதடவைதான். அவங்களும் பார்க்க நல்லாதான் இருந்தாங்க. எனக்கு வருமா?”

2000-களின் தொடக்கத்தில் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று விழிப்புணர்வு விளம்பரமாகச் சென்னைச் சுவர்களில் எழுதியது இந்தக் கேள்வியைத்தான். ஹெச்.ஐ.வி. உள்ளவரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிகிச்சை எடுக்காதவருடன் ஆணுறையின்றி ஒருமுறை யோனிவழி உறவு கொண்டால் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்குச் சுமார் 4. ஆசனவழியில் ஏற்பவருக்கு 10,000-க்குச் சுமார் 138. எண் சின்னது என்று நிம்மதி வேண்டாம். புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு ஏறும். வெட்டை (கொனோரியா), கிளமிடியா, கிரந்தி (சிஃபிலிஸ்), ஹெர்பஸ், எச்.பி.வி. ஆகிய பால்வினைத் தொற்றுகள் எல்லாம் இதைவிடச் சுலபமாகத் தொற்றும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். ரத்தம் எடுக்கப்பட்டது பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம். அவர்களிடம் வந்து போன ஆண்கள் கணக்கிலேயே வரவில்லை. பழி பெண்கள்மேல் நின்றது. பிறகு கிராமம் கிராமமாக, கணவனைத் தவிர யாரையும் அறியாத மனைவிகளுக்குத் தொற்று வந்தபோதுதான் அந்த ஆண்கள் யார் என்ற கேள்வியே எழுந்தது.

7. “வாய்வழி உறவுல எதுவும் வராதுல்ல?”

ஹெச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. வெட்டை, கிரந்தி, ஹெர்பஸ் வரும். முத்தம், ஒரே தட்டில் சாப்பாடு, கொசுக்கடி, கழிப்பறை ஆகியவற்றால் ஹெச்.ஐ.வி. பரவாது.

8. “காண்டம் போட்டும் கிழிஞ்சிடுச்சு. ஏன்?”

கிழிவதற்குப் பெரும்பாலும் பயன்படுத்திய விதம்தான் காரணம். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தது, பைக் பெட்டியில் வெயிலில் வெந்தது, பல்லால் பிரித்தது, காலாவதியானது. இன்னொரு காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் மூன்றும் ரப்பரைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டும். பாதுகாப்பு கூடும் என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்று மாட்டினால் உரசி இரண்டும் கிழியும்.

சரியான முறை இது. பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்று இருந்தால் நல்லது. தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை ஓரத்தில் கையால் கிழியுங்கள். முழு விறைப்பு வந்த பிறகு, உடல் உடலைத் தொடும் முன்பே போட வேண்டும், நடுவில் அல்ல. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டுங்கள். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிது எடுங்கள். விந்து வெளியானதும் விறைப்பு இருக்கும்போதே அடியில் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். தாமதித்தால் உள்ளேயே கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் கர்ப்பத்தைத் தடுப்பதில் 98 சதவீதம் பயனுண்டு. சாதாரணப் பயன்பாட்டில் அது 87 சதவீதத்துக்கு இறங்குகிறது. இடைப்பட்ட 11 சதவீதம் மேலே சொன்ன தவறுகளும், “இன்னிக்கு மட்டும்” என்று விட்ட நாட்களும்தான்.

கடையில் கேட்கக் கூச்சமா? 1968 முதல் அரசு வழங்கும் நிரோத், அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். இணையக் கடைகளிலும் கிடைக்கும்.

9. “உடனே சோப்பு போட்டுக் கழுவிட்டேன், டெட்டாலும் ஊத்துனேன். போதும்ல?”

போதாது. கிருமி உறவின்போதே சளிச்சவ்வு வழியாக உள்ளே போய்விடுகிறது. டெட்டால் ஊற்றினால் தோல் எரிந்து புண்ணாகும், புண் இருந்தால் தொற்று இன்னும் சுலபம். எலுமிச்சைச் சாறும் அப்படியே. வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியது அடுத்த பதிலில்.

10. “நேத்து ராத்திரி நடந்துடுச்சு. காண்டம் இல்ல. இப்ப என்ன பண்றது?”

மணிக்கணக்கைப் பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் ஹெச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரைகள் உண்டு, பெப் என்பார்கள். 2 மணி நேரத்தில் தொடங்குவது மிகச் சிறப்பு. 72 மணி தாண்டினால் பயனில்லை. அரசுப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ ஹெச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையத்திலோ நேராகக் கேளுங்கள். அரசு விநியோகத்தில் முன்னுரிமை, ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும். உங்களுக்கு அங்கே கிடைக்காவிட்டால் அன்றே தனியார் பால்வினை நோய் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்றால் அதையும் அன்றே தொடங்கலாம். பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் 3 ஊசி.

அந்தப் பெண்ணையும் நினையுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும். அதற்குத் தடை இல்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் வைத்திருப்பதில்லை. அலைந்து நேரத்தை வீணாக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கூடப் போங்கள். 5 நாட்களுக்குள் காப்பர்-டி வைப்பதும் கர்ப்பத்தைத் தடுக்கும்.

11. “எங்க போய் டெஸ்ட் எடுக்கணும்? பேர் வெளிய வந்துடுமா?”

அரசு மருத்துவமனைகளில் “நம்பிக்கை மையம்” என்ற பலகை இருக்கும். இலவசம். முதலில் ஆலோசகர் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்குவார், பிறகுதான் ரத்தம். முதல் சோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டினால் வேறு இரண்டு முறைகளிலும் சோதித்த பிறகே முடிவு சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டப்படி சம்மதமில்லாமல் சோதிப்பதும் நிலையை வெளியிடுவதும் தவறு. வழி தெரியாவிட்டால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

மறுநாளே எடுத்தால் எதுவும் தெரியாது. ஆன்டிஜன், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 45 நாள். விரலில் குத்தும் விரைவுச் சோதனைக்கு 90 நாள். பெப் சாப்பிட்டவர்கள் அதை முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கிரந்திக்கான வி.டி.ஆர்.எல். சோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

ஹெச்.ஐ.வி. இருப்பதாகவே வந்தாலும் இன்று தினமும் ஒரு மாத்திரையில் முழு ஆயுள் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் உறவின் வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது.

12. “அங்க ஒரு புண் வந்துச்சு. வலியே இல்ல. தானா ஆறிடுச்சு. விட்டுடலாமா?”

விடவே கூடாது. வலிக்காத, அடி கெட்டியான ஒற்றைப் புண் கிரந்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறவு கொண்டு 10 முதல் 90 நாட்களுக்குள் வரும், மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறும். புண்தான் ஆறும், நோய் உள்ளே இருக்கும். பிறகு உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு, ஆண்டுகள் கழித்து மூளை, இதயம். மனைவி கர்ப்பமானால் குழந்தைக்கும் போகும். தொடக்க நிலையில் பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால் குணமாகும்.

சிறுநீர்ப் பாதையில் சீழும் எரிச்சலும் சில நாட்களில் வந்தால் வெட்டையாக இருக்கலாம். அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் மருந்து இலவசம். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் சீழ் நிற்கும், கிருமி சாகாமல் மருந்துக்கு அடங்காததாகிவிடும். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். கிளமிடியா பலருக்கு அறிகுறியே காட்டாது, அதனால் “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்பது சான்றல்ல.

13. “ஆறு தடவை டெஸ்ட் எடுத்துட்டேன், எல்லாம் நெகட்டிவ். ஆனாலும் பயம் போகல.”

11-ஆம் பதிலில் சொன்ன நாட்கள் கழிந்து இல்லை என்று வந்துவிட்டால் இல்லைதான். ஏழாவது சோதனை நிம்மதி தராது, எட்டாவதும் தராது. இங்கே நோய் ரத்தத்தில் இல்லை. தப்பு செய்துவிட்டோம், தண்டனை வந்தே தீரும் என்ற எண்ணம் சளிக்காய்ச்சலையும் எடைக்குறைவையும் எய்ட்ஸாகக் காட்டுகிறது. தூக்கம் கெட்டு, சாக வேண்டும் போலத் தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள். மனநல மருத்துவரின் சிகிச்சையில் இது நன்றாகவே குணமாகிறது.

14. “நான் அப்படி இப்படி இருந்துட்டேன். எனக்கு வர்ற பொண்ணு கன்னியா இருக்காளான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

தெரிந்துகொள்ள எந்தச் சோதனையும் இல்லை. கன்னித்திரை பெண்ணுக்குப் பெண் வேறுபடும். சிலருக்குப் பிறவியிலேயே மெல்லியது, பலருக்கு முதல் உறவில் ரத்தம் வராது. விரலை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் அதற்கெதிராக உத்தரவிட்டது.

உங்களுக்குப் பொருந்தாத சட்டம் அவளுக்கு மட்டும் ஏன் என்பதுதான் எங்கள் கேள்வி. 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில், படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன் உறவு என்றால் கர்ப்பமும் நோயும் வராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். துடைப்பமும் செருப்பும் தூக்கினார்கள். 20-க்கும் அதிகமான வழக்குகள் போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. போய் வந்த ஆண்களுக்காக அப்படி ஒரு வழக்காவது இந்த மாநிலத்தில் போடப்பட்டிருக்குமா என்று யோசியுங்கள்.

15. “பழசை மனைவிகிட்ட சொல்லணுமா?”

இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அவளுடைய உடலைப் பாதிக்கக்கூடியது எதுவோ அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவர் துணைக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது 2017 சட்டப்படியும் கடமை, முன்கூட்டியே சொல்வது அதில் அடங்கும். நிச்சயத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வெளியே போயிருந்தால் முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் நெருங்கக் கூடாது. காரணம் கேட்பாளே என்று பயந்து அவளுக்கு நோயைத் தருவதைவிட அந்தக் கேள்வியைச் சந்திப்பது எவ்வளவோ மேல்.

நோய் சம்பந்தமில்லாத பழைய காதல், பழைய உறவு பற்றிச் சொல்வது உங்கள் விருப்பம். சொல்வதானால் கல்யாணத்துக்கு முன் சொல்லுங்கள். யாருடன் என்ற பெயரை இழுக்காதீர்கள், அது அந்தப் பெண்ணின் வாழ்க்கை.

16. “அவ வேண்டாம்னு சொல்றது வெக்கத்துலதானே? சினிமாலயும் அப்படித்தானே?”

வேண்டாம் என்றால் வேண்டாம். பதில் பேசாமல் உறைந்துபோவதும் சம்மதம் அல்ல. போதையில் இருப்பவர் தரும் சம்மதம் சட்டத்தில் செல்லாது. தொடங்கிய பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். மனைவி விஷயத்தில் வன்புணர்ச்சிச் சட்டம் இன்னும் கணவனுக்கு விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கு தவறு என்பது எங்கள் கருத்து. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் வன்முறையும் சேரும்.

17. “ரெண்டு பேருக்கும் சம்மதம்னா சட்டப்படி தப்பா? லாட்ஜ்ல போலீஸ் பிடிக்குமா?”

18 வயது நிறைந்த இருவர் விரும்பி உறவு கொள்வது குற்றமல்ல. கல்யாணம் ஆகாத ஜோடி விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. கல்யாணத்துக்கு வெளியே உறவு என்பதும் 2018 முதல் குற்றமல்ல, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாகும்.

சிக்குவது மூன்று இடங்களில். ஒருவர் 18-க்குக் கீழ் என்றால் காதலாக இருந்தாலும் போக்சோ பாயும். 17 வயது 11 மாதம் என்றாலும் அதே. கல்யாணம் செய்யும் எண்ணமே இல்லாமல் செய்வதாக வாக்குக் கொடுத்து உறவு கொண்டால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. ஆகவே கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமில்லை என்றால் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது காசு கொடுப்பது. வயது வந்த பெண் தானாகத் தொழில் செய்வது மட்டும் குற்றமாகாது. ஆனால் விபச்சார விடுதி நடத்துவது, தரகு, கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடப்பது ஆகியவை குற்றம். அந்த 200 மீட்டர் விதியில் வாடிக்கையாளரும் மாட்டுவார்.

18. “ஆப்புல பழகுன பொண்ணு வீடியோ கால்ல பேசுனா. இப்ப ரெக்கார்டிங் இருக்கு, காசு குடுன்னு மிரட்டுறாங்க.”

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுநாள் அதிகம் கேட்பார்கள். பெரும்பாலும் மறுமுனையில் இருப்பது ஒரு கும்பல், நீங்கள் பார்த்தது பதிவு செய்த காணொளி. எண், கணக்கு, உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பிறகு அவர்களைப் பிளாக் செய்து சமூக வலைதள நண்பர் பட்டியலை மறையுங்கள். போலீஸ் வந்திருக்கிறது, சி.பி.ஐ. பேசுகிறது என்று அடுத்து வரும் அழைப்பும் அதே கும்பல்தான். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்லாமல் இதில் உயிரை விட்டவர்கள் உண்டு.

19. “எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. கல்யாணம் பண்ணா சரியாயிடும்கறாங்க.”

ஆகாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். இது நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. “மாற்றிவிடுகிறேன்” என்று சிகிச்சை தருவதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. பாதுகாப்புக்கு 6, 8-ஆம் பதில்களைப் பாருங்கள், ஜெல் கட்டாயம் தேவை. உறவுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கும் தடுப்பு மாத்திரையும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஆப்பில் சந்திப்பவரை முதல்முறை பொது இடத்தில் பாருங்கள். மிரட்டினால் 18-ஆம் பதில் பொருந்தும்.

20. “எனக்கு விருப்பமில்லாம நடந்துச்சு. ஆம்பளைக்கு இப்படி ஆகுமா? அப்ப உடம்பு ஒத்துழைச்சுதே?”

ஆகும். பயத்திலும் விறைப்பு வரும், விந்தும் வெளியேறும். அது உடலின் தன்னியக்கம், சம்மதம் அல்ல. “ஆம்பளைக்கு இதுல என்ன நஷ்டம்” என்ற பேச்சு 1-ஆம் கேள்வியில் பார்த்த அதே பேச்சுதான், இங்கே அது பாதிக்கப்பட்டவனின் வாயை அடைக்கிறது. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் குழந்தைகள்.

18 வயதுக்கு முன் நடந்திருந்தால் போக்சோ ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே, இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டிருந்தாலும் புகார் தரலாம். இன்னும் குழந்தையாக இருப்பவருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. வயது வந்த ஆணுக்கு நடந்தால் நிலைமை மோசம். வன்புணர்ச்சிப் பிரிவு பெண்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது, இயற்கைக்கு மாறான உறவு பற்றிய பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவுக்கு ஈடான பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை. காயப்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டியது ஆகிய பிரிவுகளில்தான் புகார் எழுத முடியும். எழுதுவதா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், மருத்துவமனைக்கு முதலில் போங்கள். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் தடயம் இருக்கும். மாற்றிவிட்டீர்கள் என்றால் அந்த உடையைக் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். 10-ஆம் பதிலில் சொன்ன 72 மணி நேரம் இங்கும் அதேதான். பணியில் இருக்கும் மருத்துவரிடம் “பெப் வேண்டும்” என்று நீங்களே கேளுங்கள்.